நாரணாபுரத்துக்கு விழுந்த செவ்வரளி

டாக்டர் ரத்தினசாமி விருதுநகர்க்காரர். அப்பாவுக்கு மிளகாய் வத்தல் மண்டி. மகன் சீமைக்குப் போய்ப் படித்து வந்ததும் பஜாரிலேயே ஓர் ஆஸ்பத்திரி கட்டிவிடலாம் என்று அவர் நினைத்திருந்தார். மகனோ மருத்துவக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனார். அதுவும் போதாதென்று, சொல்லிக் கொடுத்த பாடம் பிள்ளைகள் மண்டையில் எத்தனை நாள் நிற்கிறது என்று ஆராய்ச்சி வேறு. "ஊர்ல டாக்டரெல்லாம் நோயை ஆராயுறாக, எம்மகன் வாத்தியாரை ஆராயுறான்" என்று அந்தப் பெரியவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

என் பெயர் லட்சுமிகாந்தம். டாக்டருடைய கட்டுரைகளை எட்டு வருஷம் தட்டச்சு செய்தவன். எனக்கும் சாத்தூர்ப் பக்கம்தான். டாக்டர்மேல் எனக்கு மரியாதை உண்டு, கோபமும் உண்டு. அந்தக் கோபத்தில் பாதி என்மேல் எனக்கே உள்ள கோபம்.

நெருப்பில் வெந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தால் உயிர் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நிஜம் நேர்மாறு. வெந்த உடம்பிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்டாவிட்டால் அதுவே ஆளைக் கொன்றுவிடும். டாக்டர் இதை ஐம்பது மாணவர்களுக்குப் பாடமாக நடத்திப் பரீட்சை வைத்தார். நாற்பத்தெட்டுப் பேர் சரியாக எழுதினார்கள். ஆறு மாதம் கழித்து அதே பிள்ளைகளை வார்டில் கவனித்தார். "தண்ணி காட்டிராதீக" என்று நோயாளியின் தாய் ஒரு வார்த்தை சொன்னதும் முப்பத்தொரு பேர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் ஒரு வரியில் சொல்வதை அவர் நாற்பது பக்கத்தில் நிரூபித்தார். அதற்கு மாற்றும் கண்டுபிடித்தார். உப்பையும் ஆப்ப சோடாவையும் தண்ணீரில் கலந்து, முதலில் தான் குடித்து, பிறகு உறவுக்காரர் கண்முன்னால் நோயாளிக்குப் புகட்ட வேண்டும். ஒவ்வொருவரும் தன் கையால் ஐந்து முறை செய்ய வேண்டும். அப்படிப் பழகியவர்கள் யார் தடுத்தாலும் தம்ளரைக் கீழே வைக்கவில்லை.

ஆனால் சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் வெந்து வருகிறவர்கள் வார்டுக்கு வருவதற்குள்ளேயே வறண்டு போயிருந்தார்கள். அதனால் பட்டாசு ஆலைக்கே போய்ச் சொல்லிக் கொடுப்பது என்று அறுபத்திரண்டில் கிளம்பினார். வெள்ளைத்துரை என்ற முதலாளிக்கு இரண்டு ஆலைகள் இருந்தன, சாத்தூர் ரோட்டில் ஒன்று, நாரணாபுரத்தில் ஒன்று. ஓர் ஆலைக்கு இப்போது, மற்றதற்கு அடுத்த தை மாதம். நடுவில் தீ விபத்து நடந்தால் எங்கே எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று ஒப்பிட வேண்டும். எது முதல் என்பதை யாருடைய விருப்பமும் கலக்காமல் சீட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும் என்றார் டாக்டர்.

"சீட்டு எதுக்கு? இருக்கன்குடி மாரியம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார் வெள்ளைத்துரை.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். சீட்டென்ன, பூவென்ன, எல்லாம் ஒன்றுதானே என்று என்னிடம் சொன்னார். ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். பெண் பார்க்கவும் கிணறு வெட்டவும் எங்கள் வீட்டில் பூக்கட்டிப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் பொதிந்து, அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை விழுந்தால் அம்மன் உத்தரவு தந்தாள், சிவப்பு விழுந்தால் வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. விருதுநகர்க்காரருக்கு இது தெரியாமலா இருக்கும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. சீமை அவரிடமிருந்து எதையெல்லாம் துடைத்து எடுத்திருந்தது என்று எனக்கு அன்று தெரியவில்லை.

இரண்டு ஆலைகளின் போர்மேன்களும் ஆளுக்கொரு பொட்டலம் எடுத்தார்கள். சாத்தூர் ரோட்டுக்கு வெள்ளை நந்தியாவட்டை வந்தது. நாரணாபுரத்து போர்மேன் சங்கையா தன் பொட்டலத்தைப் பிரித்தார். செவ்வரளி. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே போனார். டாக்டர் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். 

சாத்தூர் ரோட்டு ஆலையில் பத்து நாள் பாடம் நடந்தது. கடைசி நாள் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் முத்துப்பேச்சி, நாரணாபுரத்தில் சரவெடி பின்னுகிறவள். அவளுடைய தங்கை மாரித்தாய் இந்த ஆலையில் வேலை பார்த்தாள்.

"எங்களுக்கு எப்ப சொல்லித் தருவீக, ஐயா?"

"அடுத்த தைக்கு வந்துருவேன், தாயி."

"அதுக்கு முன்ன வெடிச்சா?"

 "இப்பவே சொன்னா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமப் போயிரும். ஒரு வருசந்தான் பொறுத்துக்கோ" என்றார் டாக்டர்.  அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

வைகாசியில் சாத்தூர் ரோட்டு ஆலையில் வெடி செய்யும் ஷெட் ஒன்று எரிந்தது. இரண்டு பேருக்கு உடம்பில் பாதி வெந்துவிட்டது. வழியெல்லாம் உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தார்கள், இரண்டு பேரும் பிழைத்தார்கள். டாக்டர் அட்டவணையின் முதல் கட்டத்தை நிரப்பச் சொன்னார். நிரப்பினேன். நாரணாபுரத்துக்கான பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. தீபாவளி சீசன் நெருங்க நெருங்க, டைப்ரைட்டர் முன்னால் உட்காரும்போதெல்லாம் என் கண் அந்தக் கட்டத்துக்கே போனது. அது நிரம்புவதென்றால் எப்படி நிரம்பும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

புரட்டாசி மாதம், காலை பதினொரு மணி. நாரணாபுரத்தில் வெடித்தது. தகவல் வந்து நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது லாரி அப்போதுதான் வந்து நின்றது. வைக்கோல்மேல் மூன்று பெண்கள். ஒருத்தி முத்துப்பேச்சி. அவள் தலைமாட்டில் ஒரு மண்பானை, வாய்க்கு வேடு கட்டியிருந்தது. டாக்டர் துணியை விலக்கிப் பார்த்தார். பானை நிறையத் தண்ணீர் இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, முத்துப்பேச்சி தினமும் காலையில் அந்தப் பானையைக் கலந்து வேலையிடத்துக்கு வெளியே வைத்திருக்கிறாள். லாரியில் ஏற்றும்போது அதையும் ஏற்றச் சொல்லியிருக்கிறாள்.

கூடவே லாரியில் வந்திருந்த சங்கையாவின் இரண்டு கைகளும் கொப்பளித்திருந்தன. "வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தா, ஐயா. நான் குடுக்கலை. மத்தவுகளையும் குடுக்க விடலை. நமக்குத்தான் அம்மன் உத்தரவு தரலையே."

 அந்தச் செவ்வரளிக்கு என்ன அர்த்தம் என்று டாக்டருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் நினைத்தது போல நாரணாபுரம் பாடம் கேட்காத ஆலை மட்டுமில்லை. பாடம் தடுக்கப்பட்ட ஆலை. தடுத்தது அவருடைய பூ.

முத்துப்பேச்சி மறுநாள் மத்தியானம் போய்விட்டாள். மற்ற இருவரும் அடுத்தடுத்துப் போனார்கள். அட்டவணை முழுமையாகிவிட்டது. இதைவிடத் தெளிவான முடிவு எந்த ஆராய்ச்சிக்காரனுக்கும் கிடைக்காது. நான் அதை நிரப்பவில்லை, அவரும் நிரப்பச் சொல்லவில்லை.

ஒரு மாதத்தில் ஆலையை மறுபடி திறந்தார்கள். டாக்டர் தையை எதிர்பார்க்காமல் முதல் நாளே போய்ப் பானையை வைத்தார். நாற்பது பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் தம்ளரைத் தொடவில்லை. "அம்மன் அன்னைக்கே சொன்னா. முத்துப்பேச்சி மீறிப் பானை வச்சா, போய்ச் சேந்தா" என்றாள் பாலம்மாள் என்ற பெண். தையில் திருவிழா ஆர்டர் வந்து குவியும். அடுத்த வெடி எப்போது என்பதுதான் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு வாழையிலைத் துண்டுகள். இரண்டிலும் நந்தியாவட்டை. பரீட்சைத்தாளில் அரை மார்க்கைக்கூட ஏற்றிப் போடாத மனுஷர், இரண்டையும் நூலால் கட்டினார்.  "இதை எங்கயும் எழுதிராதீக, லட்சுமிகாந்தம்" என்றார். எனக்கு அழுகையாக வந்தது.

அம்மனிடமே மறுபடி உத்தரவு கேட்போம் என்று டாக்டர் எல்லோரையும் அழைத்துப் போனார். இருக்கன்குடியில் சங்கையா ஆறாத கையோடு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. கூட வந்திருந்த பெண்கள் குலவையிட்டார்கள். டாக்டர் கொண்டுவந்திருந்த தம்ளரைச் சங்கையாவே வாங்கி, எல்லோரும் பார்க்க மடமடவென்று குடித்தார். பிறகு பாலம்மாள் குடித்தாள். அதன்பிறகு தம்ளர் கைமாறிக்கொண்டே போனது.

இரண்டாவது பொட்டலம் சன்னிதியிலேயே கிடந்தது. டாக்டர் அதை எடுக்கக் குனிவதற்குள் சங்கையா எடுத்துவிட்டார். பிரிக்கவில்லை. இரண்டு விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். இலை கிழிந்த இடத்தில் வெள்ளையாக ஓர் இதழ் தெரிந்தது. அதைக் கைக்குள் மூடிக்கொண்டு கோயிலை ஒட்டிய வைப்பாற்று மணலுக்கு நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். காலால் மணலைத் தள்ளிக் குழி பறித்து, பொட்டலத்தை உள்ளே வைத்து மூடினார்.

பிறகு டாக்டரைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

"மொதத் தடவையே இப்படிக் கட்டியிருக்கலாமேய்யா."

 டாக்டர் அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஆலை ஆலையாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். ஒரு கட்டுரையும் எழுதவில்லை.