வரியை எடுக்காத பவளராணி

வவுனியாவில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்த பவளராணி, இப்போது ஆஸ்திரேலியாவில் ஸ்பிரிங்வேல் பக்கம் கீரை கழுவிப் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். படகில் வந்து பதின்மூன்று வருடமாகியும் தற்காலிக விசாதான். குளிரறையில் நின்றபடியே ஒரு பாட்டுக் கட்டினாள்.

ரொறன்ரோவில் உலகத் தமிழ்ப் பாட்டுப் போட்டி. நாட்டுக்கு ஒரு பாட்டுத்தான் போகலாம். ஆஸ்திரேலியாவின் பாட்டைக் கிளேட்டனில் ஒரு மண்டபத்தில் தெரிவு செய்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் ஊரை நினைத்து உருகினார்கள். பவளராணி குளிரறையைப் பாடினாள்.

"பதின்மூண்டு வருசமாத் தற்காலிகம் எண்டுறாய்,
என்ர நரைமுடி மட்டும் நிரந்தரமோ?"

சபை முதலில் சிரித்தது, பிறகு எழுந்து நின்று கைதட்டியது. நடுவர்கள் மூவரும் அவளுக்கே முதலிடம் கொடுத்தார்கள்.

போட்டிக் குழுத் தலைவர் சச்சிதானந்தன் அவளைப் பின்னறைக்குக் கூப்பிட்டுக் கதிரை போட்டு உட்காரவைத்தார். கெட்ட மனிதரல்ல.

"பிள்ளை, உம்மட விசாவோட வெளியில போனா திரும்பி வரேலாதே."

"தெரியும் அங்கிள். வீடியோவில பாடுறன்."

"மேடையில ஆள் நிக்கவேணும் எண்டு விதி. உமக்குப் பதிலா எங்கட குழுவில பாடுற சிவகௌரி பாடட்டும்."

சிவகௌரி நன்றாகப் பாடுவாள். பவளராணிக்கு அதில் பொறாமை இல்லை.

"பாடட்டும். எழுதினது நான் எண்டு போடவேணும்."

"போடுவம். அந்த நரைமுடி வரியை மட்டும் எடுப்பம். இஞ்சத்தை அரசாங்க ஆக்களும் பாப்பினம். அரசியல் எண்டு நினைப்பினம்."

"அது அரசியல் இல்லை அங்கிள். என்ர தலை."

"ஒரு வரிதானே பிள்ளை."

"ஓம். அந்த வரிக்காகத்தான் மிச்சத்தை எழுதினனான்."

மேசையில் கிடந்த பாட்டுத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"பாட்டுப் போகாட்டிப் பரவாயில்லை. போயிட்டு வாறன்."

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கிடைத்ததைத் தானே தட்டிவிட்டோமே என்று நொந்துகொண்டாள். வீட்டில் கூடக் குடியிருக்கும் விமலாவும், "விட்டுக் குடுத்திருக்கலாமேயக்கா" என்றாள். பவளராணி சோற்றைப் போட்டுச் சாப்பிட்டாள்.

இரண்டாவதாக வந்த பாட்டு ரொறன்ரோ போனது. குசினியில் அடுப்போரம் நின்று கைத்தொலைபேசியில் அதைப் பார்த்தாள். அதை எழுதிய பிள்ளை மேடையில் பாடி முடித்ததும் மனதாரக் கைதட்டினாள்.

அடுத்த வருடத் தெரிவுக்கும் வந்தாள். வாசலில் நின்ற சச்சிதானந்தன் தணிந்த குரலில் கேட்டார்.

"விசா வந்திட்டுதோ பிள்ளை?"

"இல்லை அங்கிள். புதுப் பாட்டு வந்திருக்கு. உள்ள வந்து கேளுங்கோ."