பூட்டின் இடம்

மகளிர் ஹாக்கி அணியில் எல்லோரும் அவளைப் ‘பூட்டு’ என்றுதான் கூப்பிட்டார்கள். தடுப்பாட்டக்காரி, அணியின் கேப்டன். ஒரு காலத்தில் அவளைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது குதிரைக்கொம்பு. முப்பத்து நான்கு வயதில் இடது முழங்கால் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது.

அணியும் பல வருடங்களாகக் கடைசி இடத்திலேயே குடித்தனம் நடத்தியது. அதை வாங்கிய புது முதலாளியம்மா பழைய ஆட்களில் பாதிப் பேரை அனுப்பிவிட்டு, பள்ளி முடித்த கையோடு வந்த நான்கு பெண்களைச் சேர்த்தார். நால்வரும் பந்தைக் கண்டால் பறந்தார்கள். கோல்கள் வந்தன. ஆனால் அடித்ததைவிட வாங்கியது அதிகம்.

சீசன் முடிந்ததும் முதலாளியம்மா கோச்சையும் பூட்டையும் அலுவலகத்துக்கு அழைத்தார்.

“செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க. பேர் சொல்ற மாதிரி ஒரு ஆளைக் கொண்டு வருவோம்.”

கோச் ஒரு நட்சத்திர முன்கள ஆட்டக்காரியின் பெயரைச் சொன்னார். ஒரு சிக்கல்: அவளுடைய அணி பணத்தோடு நால்வரில் இளையவளான கடைக்குட்டியையும் கேட்டது.

“கடைக்குட்டியைக் குடுக்காதீங்கம்மா,” என்றாள் பூட்டு. “கோல் அடிக்க இந்தப் பொண்ணுங்களே போதும். ஓட்டை பின்னாடி இருக்கு.”

“பின்னாடின்னா?”

“என் இடத்துல.”

கோச் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினார். ஒரு வருடமாக அவர் வாய்க்குள் வைத்திருந்த விஷயம் அது.

வீட்டில், கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“உன் சீட்டை நீயே கிழிச்சிட்டு வந்திருக்கியா?”

“அவங்க கிழிக்கிற வரைக்கும் உக்காந்திருக்கச் சொல்றீங்களா?”

அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு வந்து சாப்பிட்டாள்.

பெரிய தொகை கொடுத்து ஒரு தடுப்பாட்டக்காரியை அழைத்து வந்தார்கள். நல்ல பெண். வந்த முதல் நாளே, “அக்கா, உங்க நம்பரை நான் போட்டுக்கட்டுமா? எனக்கு ராசியான நம்பர்,” என்று கேட்டாள்.

“இடத்தை எடுத்துக்கோ. நம்பரைக் கேக்காதே,” என்றாள் பூட்டு. அந்தப் பெண் முகம் சிவந்து நகர்ந்தாள். பூட்டு அதற்காக வருத்தப்படவில்லை.

அந்த சீசனில் அவள் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே தொண்டை கட்டும் வரை கத்தினாள். நடுவர் இரண்டு முறை எச்சரித்தார். அணி கோப்பை எதையும் வெல்லவில்லை. நான்காவது இடத்துக்கு வந்தது. அதற்கே முதலாளியம்மா எல்லோருக்கும் விருந்து வைத்தார்.

துணைக் கோச்சாக இருக்கும்படி கேட்டபோது பூட்டு மறுத்துவிட்டாள். “எனக்குக் கத்த வரும், சொல்லிக்குடுக்க வராது.”

இப்போது கண்ணாடிக் கடையில் கல்லாவில் இருக்கிறாள். ஆட்ட நாட்களில் மட்டும் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு மைதானத்துக்குப் போகிறாள்.