கடிகாரத்துக்குச் சாவி கொடுத்த ஆயா

சிராங்கூன் ரோட்டுச் சந்து ஒன்றில் வேலைக்குப் போகும் தாய்மார் சேர்ந்து ஒரு குழந்தைக் காப்பகம் நடத்தினோம். கீழ்த்தளத்தில் ஒற்றை அறை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரே ஓர் ஆயா. கூரை உத்தரத்தில் தூளிகள், தரையில் பாய்கள், சுவரில் மூன்று பெரிய கடிகாரங்கள். மூன்றும் மூன்று நேரம் காட்டின. ஆனால் மூன்றின் முகத்திலும் எழுதியிருந்த பெயர் ஒன்றுதான், அதுவும் எண்களை விடப் பெரிய எழுத்தில்.

எனக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. இரண்டு வயது மகனை விட்டுப் போக வேறு இடம் இல்லை. ஆயா இல்லையென்றால் காப்பகம் இல்லை, காப்பகம் இல்லையென்றால் என் வேலை இல்லை. தினமும் படுக்கும்போது இதைத்தான் சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் சாமி பெயரைச் சொல்வார்கள்.

கடிகாரத்தில் இருந்த பெயர் காலமான ஒரு ஜவுளிக்கடை முதலாளியுடையது. அவர் நினைவாக மகன் ஓர் அறக்கட்டளை தொடங்கி, வட்டாரத்துச் சங்கங்களுக்கெல்லாம் வருஷா வருஷம் மானியம் கொடுத்தார். நாங்கள் ஒவ்வொரு முறையும் ஆயாவுக்குச் சம்பளம் கேட்டோம். ஒவ்வொரு முறையும் கடிகாரம் வந்தது. அவரையும் குறை சொல்ல முடியாது. சம்பளத்தில் அப்பா பெயரை எங்கே எழுதுவது? பந்தாட்டக் குழு பூட்ஸ் கேட்டதற்கு ஒரு பீரோ கிடைத்தது. திடலில் பீரோவை வைத்து என்ன செய்வார்கள், பாவம். அது குழுத்தலைவர் வீட்டில் அவர் மனைவியின் சேலைகளைக் காத்துவந்தது.

மூன்றாவது கடிகாரம் வந்த கொஞ்ச நாளில் ஆயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காத்தோங்கில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பிள்ளை பார்க்கக் கூப்பிடுகிறார்களாம், நாங்கள் கொடுப்பதைப் போல இரண்டு பங்கு சம்பளமாம்.

"மாசக் கடைசியில போயிடுவேன் தங்கச்சி. கோவிச்சுக்காத. எனக்கும் வயிறு இருக்குல்ல."

எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் தாய்மார் கூடிப் பேசி, அறக்கட்டளைத் தலைவரிடம் கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். யார் போவது? நான் நான்காம் வகுப்போடு நின்றவள், பெரிய மனிதர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றேன். யாரும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரி, "நீ ஒண்ணும் பேச வேணாம்லா. ஒம் மூஞ்சி எப்பவும் எழவு வீட்டுக்குப் போன மாதிரிதான இருக்கு, சும்மா போய் நில்லு, போதும்" என்றாள்.

அறக்கட்டளை அலுவலகம் ஜவுளிக்கடை மாடியில் இருந்தது. தலைவர் நாற்காலிக்குப் பின்னால் அவர் அப்பாவின் படம், சந்தன மாலையோடு. நான் சொன்னதைப் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு தர்மத்தின் பெருமையை விளக்கினார். நான் வேலைக்கு விடுப்புச் சொல்லாமல் வந்திருந்தேன், விளக்கம் முடிகிற வழியாக இல்லை. கடைசியில், "சம்பளம்னா கரைஞ்சு போயிடும்மா. பொருளா குடுத்தாத்தான் பேர் சொல்லும்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புதிதாக ஒரு கவலை வந்தது. எங்கள் வீட்டில் கடிகாரம் ஓடாமல் போனால் அம்மா அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஓடாத கடிகாரம் குடும்பத்துக்கு ஆகாது. ஆயா போய்விட்டால் இந்த மூன்றும்?

"ஐயா, ஆயா போயிட்டா சாவி குடுக்க ஆளில்லீங்க. உங்கப்பா பேரு போட்ட கடிகாரம் மூணும் நின்னு போயிடுமே."

சத்தியமாக நான் கவலைப்பட்டுத்தான் சொன்னேன். அவர் திரும்பி அப்பா படத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

அடுத்த வாரமே கடிகாரப் பராமரிப்பு மானியம் மாதாமாதம் வரத் தொடங்கியது. கடிகாரங்களைத் துடைத்துச் சாவி கொடுக்க முழுநேர ஆள் ஒருவர் என்று முடிவாகியிருந்தது. அந்தக் கடிகாரங்களுக்கு வாரம் ஒரு தடவை சாவி கொடுத்தாலே போதும். தலைவர் வீட்டில் அது வேலைக்காரர் பாடு, அதனால் அவருக்குத் தெரியவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஆயா காத்தோங் பக்கம் போகவில்லை.

பிறகு ஒரு நாள் தலைவர் பார்வையிட வந்தார். மூன்று கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்குத் திருப்பி வைத்தும் மனசு ஆறவில்லை. அவர் சுவரைப் பார்த்து நின்று, கைக்கடிகாரத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். திருப்தி. அந்த நேரம் பார்த்துத் தூளியில் ஒன்று வீறிட்டது. திடுக்கிட்டுத் திரும்பினார். அறை நிறையப் பிள்ளைகள் இருப்பதை அப்போதுதான் கண்டார் போல.

"இந்தப் பிள்ளைங்க கடிகாரத்தத் தொடுறதில்லையே?"

ஆயா என் மகனை இடுப்பில் வைத்திருந்தார். "அண்ட விடுறதே இல்லீங்க ஐயா. நாள் முழுக்க ஒண்ணு விடாம எல்லாத்தையும் கண்ணு எடுக்காமப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

தலைவர் என் பக்கம் திரும்பி, நல்ல ஆள், விட்டுவிடாதீர்கள் என்றார்.

அடுத்த வருஷம் மானியத்துக்கு மனு கேட்டபோது நாங்கள் யோசிக்கவேயில்லை. நான்காவதாக ஒரு கடிகாரம் கேட்டோம். உடனே கிடைத்தது. வேலை கூடிவிட்டதென்று ஆயாவுக்குச் சம்பளமும் கூடியது.