காப்பிக் களத்தில் ராக் கச்சேரி

போன வருடம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏற்காட்டிலிருந்து தலைச்சோலைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு எஸ்டேட்டின் காப்பிக் களத்தில் நடந்தது இது. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவிலேயே கூப்பிட்டுவிடுவார்களோ என்று கடைசி வரிசையில் ஒளிந்துகொண்ட ஆள் நான். அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஒரு ராக் கச்சேரியின் நடுவில், யாரும் கூப்பிடாமலே மேடை ஏறினேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் வெட்கமும் வருகிறது.

எங்களுக்கு இருப்பது சின்னக் காடு. மிளகும் காப்பியும் போட்டிருக்கிறோம். வருடத்துக்கு ஒரே அறுவடை. பறித்த பழத்தை அப்படியே வெயிலில் பரப்பி, நாள்தோறும் கிளறிவிட்டு, தோல் கறுத்துச் சுருங்கும்வரை காயவைக்க வேண்டும். அதற்கு சிமெண்ட் களம் வேண்டும். அது எங்களிடம் இல்லை. பக்கத்து எஸ்டேட்டில் தங்கள் காப்பியைக் காயவைத்து முடித்ததும் களத்தில் ஒரு மூலையை எங்களுக்கு விடுவார்கள். காய்ந்து முடிகிற நேரத்தில் மட்டும் மழை படவே கூடாது. பட்டால் பூஞ்சை பிடித்துவிடும். வியாபாரி ஒரு கை அள்ளி முகர்ந்து பார்ப்பார், மூட்டையைத் திரும்பக் கட்டச் சொல்வார். அப்புறம் அந்த வருடம் முழுக்க நாங்கள் என்ன செய்வது என்று கேட்காதீர்கள்.

காப்பி முக்கால்வாசி காய்ந்திருந்த சமயத்தில் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வந்து, களத்தைக் காலி செய்யச் சொன்னார். முதலாளி கல்லூரிக் காலத்திலிருந்து ஒரு ராக் பாடகருக்கு ரசிகராம். அந்தப் பாடகருக்கு எழுபது வயது தாண்டிவிட்டதாம். பல வருடங்களாக மேடை ஏறாதவர், முதலாளிக்காக நம் மலைக்கு வந்து பாடப் போகிறாராம். மலையில் சமதளமான இடம் எங்கே இருக்கிறது? களம்தான். நான் அழாத குறையாகக் கெஞ்சினேன். கடைசியில் ரைட்டர் இறங்கி வந்து, காப்பியைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னார்.

"ஒரு கொட்டை மிதிபட்டாலும் எங்கிட்ட வந்து நிக்கப்படாது. உன்ற காப்பி, உன்ற பொறுப்பு" என்றார்.

என் கணவர் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக சேலம் இறங்கிவிட்டார். திங்கட்கிழமை வியாபாரியின் ஜீப்போடுதான் வருவார். ஆக, ராக் கச்சேரிக்கு நான் போனது ரசிகையாக அல்ல, காவல்காரியாக. கையில் ஒரு குச்சி. ராக் என்றால் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு விடலைப் பையன்கள் குதிப்பார்கள் என்று டிவியில் பார்த்திருக்கிறேன். குதித்தபடியே என் காப்பிக்குள் வந்து விழுந்தால் என்னென்ன திட்டுவது என்று முதல் நாளே மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

காலையில் நான் கிளறிக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் மெதுவாக நடந்து வந்தார். குரங்குக் குல்லா, கழுத்தில் சால்வை, கையில் ஃபிளாஸ்க். மேடை போடுகிற யாருடைய அப்பாவோ என்று நினைத்தேன். கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரப் பார்த்தார்.

"ஏனுங்க, செருப்பக் கழட்டிட்டு வாங்க. காப்பி காயுதுங்க" என்றேன்.

மறுபேச்சில்லாமல் கழற்றிவிட்டு வந்தார். அந்தக் குளிரில் சிமெண்ட் சில்லென்று இருந்திருக்கும். காய்ந்துவிட்டதென்று எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"ஒரு கை அள்ளிக் காதுகிட்ட வெச்சுக் குலுக்கிப் பாருங்க. உள்ள கொட்டை பேசோணும். பேசலீன்னா இன்னும் ஈரம் இருக்குதுன்னு அர்த்தமுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் குலுக்கிக் குலுக்கிக் கேட்டார். நான்கூட, வயசானவருக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். காப்பி அன்றைய வெயிலையும் குடித்துவிட்டால் மறுநாள் மூட்டை கட்டிவிடலாம் என்று சொன்னேன். நல்லது என்று தலையாட்டிவிட்டு, அள்ளியதைக் கீழே சிந்தாமல் பழைய இடத்திலேயே கொட்டிவிட்டுப் போனார்.

மதியத்துக்கு மேல் கார்களும் வேன்களும் வர ஆரம்பித்தன. நான் பயந்த விடலைப் பையன்களைத் தேடினேன், ஒருவரையும் காணோம். இறங்கியவர்கள் பாதிப்பேர் என்னைவிட மூத்தவர்கள். எல்லோரும் கறுப்பு டி-ஷர்ட். அது அவர்கள் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது போலிருக்கிறது, தொப்பைக்கு மேலே ஏறி நின்றது. ஒருவர் நரைத்த முடியைக் குதிரைவால் போட்டிருந்தார். முழங்கால்வரை ஏறும் பூட்ஸ். அவருடைய மனைவி பின்னாலேயே முழங்கால் வலித் தைலமும் தண்ணீர் பாட்டிலுமாக வந்தார். பெங்களூரில் விடியற்காலையிலேயே கிளம்பினார்களாம். நாற்பது வருடமாக இந்தப் பாடகரின் கேசட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார், நேரில் பார்த்ததே இல்லை என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். எனக்குப் புரிகிற தமிழில்தான் சொன்னார், ஆனாலும் ஒரு பாட்டுக்காக இத்தனை தூரமா என்று எனக்குப் புரியவில்லை.

கச்சேரி ஆரம்பித்தது. மேடைக்கு வந்த பாடகரைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. குரங்குக் குல்லாப் பெரியவர். காலையில் நான் செருப்பைக் கழற்றச் சொன்னவர். இப்போது குல்லா இல்லை, தோளில் கிடார். முதல் கம்பியைத் தட்டியதுதான் தாமதம், கூட்டம் போட்ட சத்தத்தில் மரத்தில் இருந்த குருவிகள் அத்தனையும் கிளம்பிப் பறந்தன. பாங்கு மேனேஜர் மாதிரி இருந்த ஒருவர் தலையை ஆட்டிய ஆட்டத்தில் கண்ணாடி கழன்று விழுந்தது. பாட்டு முழுக்க ஆங்கிலம். ஒரு வார்த்தை விளங்கவில்லை. அவர்களோ அவருக்கு முன்னாலேயே அடுத்த வரியைப் பாடினார்கள். குதிரைவால்காரர் மட்டும் ஆடவும் இல்லை, பாடவும் இல்லை. மேடையைப் பார்த்தபடி நின்றார். கண்களில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. குச்சியைப் பிடித்திருந்த என் கை தானாகவே கீழே இறங்கிவிட்டது.

பாட்டில் மயங்கி நின்றதால் வானத்தைக் கவனிக்கவில்லை. சேர்வராயன் கோயில் பக்கத்திலிருந்து கறுப்பாக ஒரு மேகம் இறங்கிவிட்டிருந்தது. தை மாதத்தில் இங்கே மழையா என்று கேட்பீர்கள். எப்போதாவது வரும். வந்தால் என்னைப் போன்றவர்களைத் தேடித்தான் வரும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. குடோன் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். விட்டு விட்டு அடித்தால் வேலை நேரம். கணகணவென்று விடாமல் அடித்தால் மழை. அந்தச் சத்தம் கேட்டால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்கூடக் கையைக் கழுவாமல் களத்துக்கு ஓடி வருவார்கள். யாருடைய காப்பி என்று பார்ப்பதில்லை. நான் ஓடிப்போய் இரும்புக் கம்பியை எடுத்து அடி அடியென்று அடித்தேன். எனக்கே கேட்கவில்லை. ஆள் உயர ஸ்பீக்கர்கள் அத்தனையையும் விழுங்கிவிட்டன. ரைட்டரைப் பிடித்து உலுக்கினேன். அவர் என் வாயசைவைப் பார்த்துவிட்டு, ஆமாம் நன்றாகத்தான் பாடுகிறார் என்பதுபோலத் தலையாட்டினார். தொழிலாளர்களோ மேட்டில் வரிசையாக உள்ள லயன் வீடுகளுக்குள் இருக்கிறார்கள். முதல் தூறல் என் நெற்றியில் விழுந்தது.

அப்போதுதான் டிரம்ஸ்காரர் பக்கத்தில் இருந்த ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் மாட்டுக்குக் கட்டுகிற மணியைப் போலவே ஒன்றைக் கம்பியில் மாட்டி, அதற்கு எதிரே ஒரு மைக்கும் வைத்திருந்தார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கவாட்டுப் படியில் ஏறினேன். காவலுக்கு நின்ற பையன் தண்ணீர் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பான், வழிவிட்டான். டிரம்ஸ்காரர் பக்கத்தில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து அந்த மணியில் அடித்தேன், கணகணகணவென்று, விடாமல்.

மலை முழுக்கக் கேட்டது. கூட்டம் என்ன நினைத்தது தெரியுமா? இது பாட்டில் ஒரு புதுமை என்று நினைத்துவிட்டது. ஓவென்று கத்திக் கைதட்டினார்கள். பாடகர் திரும்பிப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன், ஆனால் அவர் சிரித்துவிட்டு, நான் அடித்த வேகத்துக்கே கிடாரை வாசிக்க ஆரம்பித்தார். டிரம்ஸ்காரரும் சேர்ந்துகொண்டார். என் மழைமணிக்குப் பக்கவாத்தியம். நான் அழுதுகொண்டே அடித்தேன்.

அதற்குள் மேட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். சாக்கு, பலகை, கூடை, கையில் கிடைத்தது எல்லாவற்றோடும். கறுப்பு டி-ஷர்ட்காரர்களை இடித்துக்கொண்டு கயிற்றைத் தாண்டினார்கள். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பாடகர் கிடாரை நிறுத்திவிட்டு மைக்கை என் வாயருகே நீட்டினார். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எப்படியோ சொன்னேன்.

"மழை வருதுங்க. என்ற காப்பி நனையப் போகுதுங்க. எல்லாரும் ஒரு கை குடுங்க. செருப்பக் கழட்டிட்டு வாங்க."

பாடகர் அதையே ஆங்கிலத்திலும் சொன்னார் போலிருக்கிறது, செருப்பு உட்பட. பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அத்தனை பேரும் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கிறார்கள். குதிரைவால்காரருக்குத் தொப்பை இடித்தது, குனிய முடியவில்லை. அவர் மனைவி தரையில் உட்கார்ந்து அந்த நீளப் பூட்ஸைப் பிடித்து இழுத்தார். தூறல் வலுக்க வலுக்க, வெறுங்காலோடு வந்து கையாலும் தொப்பியாலும் அள்ளிக் குவித்தார்கள். கண்ணாடி விழுந்த பாங்கு மேனேஜர், கண் தெரியாமலே சாக்கு பிடித்தார். ரைட்டரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி வந்தார்.

என் தார்ப்பாய் பாதிக் குவியலுக்குத்தான் எட்டியது. பாடகரின் ஆட்கள் ஸ்பீக்கர்களை மூடுவதற்குப் பெரிய தார்ப்பாய் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மேடையிலிருந்து அதைக் காட்டி, காப்பி மேல் போடச் சொன்னார். அவர்கள் தயங்கினார்கள், ஸ்பீக்கர்கள் லட்சக்கணக்கில் விலை என்றார்கள்.

"அதெல்லாம் துடைச்சுக்கலாம்பா. இந்தம்மாவோட ஒரு வருஷம் அங்க கிடக்கு" என்றார் அவர்.

தார்ப்பாய் வந்தது. மிச்சத்தைச் சாக்குகளில் அள்ளி குடோனுக்குள் கொண்டுபோனோம். அடுத்த நிமிடம் மழை கொட்டியது, கரண்டும் நின்றது. எல்லோரும் குடோனுக்குள் மூட்டைகளின் இடையில் நெருக்கியடித்து நின்றோம். ஈரத் தலையும் வெறுங்காலுமாக நின்றவர்களைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. எவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்கள், பாதிப் பாட்டிலேயே நிறுத்திவிட்டேனே. குதிரைவால்காரரின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. என் கவலையும் தீரவில்லை. கடைசியாக அள்ளிய சாக்குகளில் தூறல் பட்டிருக்கிறது, உள்ளே ஈரம் இறங்கியதா இல்லையா என்று தெரியாது.

பாடகர் ஒரு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தார். கரண்ட் தேவைப்படாத சாதாரணக் கிடார் ஒன்று கைக்கு வந்தது. வாசிப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கடைசிச் சாக்குகளிலிருந்து எல்லோருக்கும் ஒரு பிடி காப்பி கொடுக்க முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று விளங்காமலே அள்ளி அள்ளிக் கொடுத்தேன். பிறகு நான் காலையில் சொல்லிக்கொடுத்தபடியே அவர் ஒரு பிடியைக் காதருகே வைத்துக் குலுக்கிக் காட்டினார். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது.

ஸ்பீக்கர் இல்லாமல் அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது. மெதுவான பாட்டு. அத்தனை கைகளும் சேர்ந்து தாளத்துக்குக் குலுக்கின. சல், சல், சல். நான் பாட்டைக் கேட்கவில்லை, என் காப்பியைத்தான் கேட்டேன். ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று கேட்டேன். எங்கேயாவது ஒரு கை மந்தமாகச் சத்தம் போடுகிறதா? ஒன்றுகூட மந்தமில்லை. கடைசியாகக் குதிரைவால்காரரின் முறை வந்தது. அவர் என் காதுப் பக்கமாகக் கையை நீட்டிக் குலுக்கினார். கணீரென்று பேசியது. அவருக்கும் அழுகை, எனக்கும் அழுகை, இருவரும் சிரித்துக்கொண்டும் இருந்தோம். நாற்பது வருடமாகக் கேசட்டில் கேட்ட குரலைக் கைக்கெட்டும் தூரத்தில் கேட்டுவிட்டார் என்று அவர் மனைவி சொன்னார். மழை வராமல் இருந்திருந்தால் தூரத்தில் நின்றுதான் பார்த்திருப்போம், நொம்ப நன்றி என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிச் சிரிக்க வைத்தார்.

போகும்போது ஒவ்வொருவரும் கையிலிருந்ததை ஒரு கொட்டை சிந்தாமல் சாக்கில் கொட்டிவிட்டுப் போனார்கள். குதிரைவால்காரர் மட்டும் தன் பிடியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இன்னொரு பிடி சேர்த்து அவர் மனைவியின் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தேன். மறுநாள் வியாபாரி வந்தார், முகர்ந்தார், குலுக்கினார், எடுத்துக்கொண்டார். ஜீப்பில் வந்த என் கணவர், நான் ராக் கச்சேரியில் வாசித்தேன் என்பதை இன்றைக்குவரை நம்பவில்லை. ரைட்டரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

இந்த வருடத்துக் காப்பியும் களத்துக்கு வந்துவிட்டது. அதே மூலை, அதே வெயில். அன்றைக்கு யாரைக் கண்டு பயந்து குச்சியோடு நின்றேனோ, அவர்கள் வெறுங்கையால் அள்ளிக் கொடுத்ததுதான் எங்கள் போன வருடத்துச் சோறு. அதனால் இப்போது தெரியாதவர் யார் களத்துப் பக்கம் வந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன், கயிறு மட்டும் கட்டுவதில்லை.