சனிக்கிழமைப் புளிச்சோறு

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை ஒழுங்காகக் கேட்காதவர்கள் யார் என்று கேட்டால், வாலிபப் பையன்கள் என்று எல்லோரும் கையைக் காட்டுவார்கள். அது அபாண்டம். கேட்காதவர்கள் பின்பக்கத்துச் சமையல் கொட்டகையில் இருந்த பெண்கள் நாங்கள்தான். எங்களுக்கும் கேட்கட்டும் என்று பாஸ்டர் அங்கே ஒரு சவுண்டு பாக்ஸ் வைத்திருந்தார். அவருக்கு மைக் என்றால் உயிர். சத்தத்தைக் குறைத்தால் ஆவிக்குரிய வல்லமையும் குறைந்துவிடும் என்று நினைப்பவர். ஆனாலும் இரண்டு பெரிய அடுப்புகள் இரைய, குழம்பு கொதிக்க, எங்கள் காதில் விழுந்தது ஆமென் மட்டும்தான். அதைக் கேட்டால் இலை போட வேண்டும்.

ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் சூடாகச் சாப்பாடு போடுவது எங்கள் சபையின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் வாரம் முழுக்கக் கேன்டீன் சோறு தின்கிறவர்கள். தேனி, தென்காசி, சேலம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணமான புதிதில் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்து, ஒரு முகமும் தெரியாமல் முழித்தபோது, எங்களை உட்கார வைத்தது அந்தப் பந்திதான். அதனால் சாப்பாட்டில் எனக்குக் குறையில்லை. சமைக்கிறவர்கள் யார் என்பதில்தான் குறை.

நான் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். ஒரு பீஸ் அளவு தப்பியிருந்தால் யார் கெஞ்சினாலும் ஓகே போட மாட்டேன். வாயும் கொஞ்சம் நீளம். சபையிலும் அப்படித்தான். என்னைப் பார்த்தால் சபைக் காரியங்களைக் கவனிக்கிற மூப்பருக்கு முன்கூட்டியே தலைவலி வந்துவிடும்.

அந்த வருஷம் கெலவரப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சபைக்கு வர ஆரம்பித்தாள். இந்துக் குடும்பம். ஒயர் கட்டுகிற கம்பெனியில் நைட் ஷிப்ட். ஞாயிறு விடியற்காலை கம்பெனி பஸ் அவளை இறக்கிவிடும். வீட்டுக்குப் போகாமல் நேரே சபைக்கு வருவாள். மதியத்துக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவள் புருஷன் போட்ட கண்டிஷன். அவளோடு லைனில் வேலை பார்த்த ஒருத்தி இடைவேளையில் சொன்ன வேதக் கதைகளில் மனசு ஒட்டிப்போய், மீதியைக் கேட்க வந்தவள். வந்த இரண்டாம் வாரமே அவள் கைப்பக்குவம் வெளியே தெரிந்துவிட்டது. அவ்வளவுதான், நிரந்தரமாகக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். அதை மரியாதை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் நறுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

“அக்கா, அடுத்த மாசத்துல இருந்து நான் வர்ல. கோச்சிக்காதீங்க.”

“ஏன், வூட்ல திட்டறாங்களா?”

“அவுரு ஒண்ணியும் சொல்லல. கத கேக்கலாம்னு வந்தேன். ராவெல்லாம் அங்க நின்னுக்கினு வேல செய்யறேன், காலைல இங்க நின்னுக்கினு வேல செய்யறேன். எனுக்கு ரெண்டும் கம்பெனியாத்தான் தெரியுது.”

கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் சமாதானம் பண்ணியிருப்பேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். கடவுளைத் தேடி வந்தவளைக் கரண்டியைக் கொடுத்து நாங்களே திருப்பி அனுப்பப் போகிறோம். அதை நடக்க விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

புதன்கிழமை மாலை வேதபாடம். பாஸ்டர் பழைய ஏற்பாட்டைத் தொடர்ச்சியாக நடத்திக்கொண்டிருந்தார். முந்தின வாரங்களில் எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளைப் பற்றிப் படித்திருந்தோம். வைக்கோல் தர மாட்டேன், ஆனால் கல் கணக்கு குறையக் கூடாது என்று எகிப்து ராஜா பார்வோன் சொன்ன இடம் வந்ததும் ஹாலே சிரித்தது. ஆளைக் குறைத்துவிட்டு டார்கெட்டை மட்டும் அப்படியே வைக்கிற அதிகாரியை அங்கே அறியாதவர் யார்? விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை. மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய அந்த ஜனங்கள் எங்களோடு ஷிப்ட் பஸ்ஸில் வருகிறவர்கள் போல ஆகிவிட்டார்கள்.

அந்தப் புதன்கிழமை ஓய்வுநாள் கட்டளை. நீயும் உன் மகனும் மகளும் வேலைக்காரனும் வேலைக்காரியும், மாடும் கழுதையும், உன் வாசலுக்குள் தங்கியிருக்கிற அந்நியனும் வேலை செய்ய வேண்டாம் என்று போகிற இடம். பாஸ்டர் கட்டளையோடு நிறுத்தினார். நான் எழுந்து, அதற்குச் சொல்லியிருக்கிற காரணத்தையும் படிக்கச் சொன்னேன். நீ எகிப்திலே அடிமையாயிருந்தாய், அதை மறக்காதே. உன்னைப் போலவே உன் வேலைக்காரியும் இளைப்பாறட்டும். அதுதான் காரணம்.

“அடிமையா இருந்தவங்களுக்குக் கடவுள் குடுத்த முதல் லீவு இது. மாட்டுக்குக்கூட உண்டு. நம்ம சபையில கொட்டகையில நிக்கறவங்களுக்கு மட்டும் இல்லையா?” என்று கேட்டேன்.

மூப்பர் தொண்டையைச் செருமினார். “அம்மா, அது யூதருக்குக் குடுத்த பிரமாணம். நாம இப்ப கிருபையின் கீழ இருக்கோம்.”

“கிருபை உங்களுக்கு, அடுப்பு எங்களுக்கா ஐயா?”

பின்வரிசைப் பையன்கள் சிரித்துவிட்டு, மூப்பர் திரும்பிப் பார்த்ததும் வேதத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். பாஸ்டர் சிரிக்கவில்லை. மூப்பரைப் பார்த்துச் சொன்னார்: “கிழமை, சட்டம் எல்லாம் நம்ம கழுத்துல இல்லைதான். ஆனா அந்தச் சட்டத்தைக் குடுத்தவரோட மனசு மாறலையே. ஓய்வுநாள் மனுஷனுக்காகத்தான்னு இயேசுவே சொல்லிட்டாரு. மனுஷின்னு தனியா வேற சொல்லணுமா?”

அவரை அன்றைக்கு எனக்கு மிகவும் பிடித்துப் போனது.

மூப்பர் லேசில் விடவில்லை. நல்ல மனிதர், ஆனால் பிடித்த பிடிதான். “அதுக்காக வந்த ஜனத்தைப் பட்டினி போடறதா? இல்ல, ஆறின சோத்தைப் போடறதா? மரியாதையா இருக்குமா?”

அதற்கும் பதில் அதே பழைய ஏற்பாட்டில் இருந்தது. வனாந்தரத்தில் மன்னா என்ற உணவு வானத்திலிருந்து விழுந்தபோது, ஓய்வுநாளுக்கு முந்தின நாளே இரண்டு பங்காகச் சேர்த்து, சுடுவதைச் சுட்டு, அவிப்பதை அவித்து வைத்துக்கொள்ளச் சொன்னார் கடவுள். மறுநாள் அது கெட்டுப்போகவில்லை. கடவுளே ஆறின சாப்பாடுதான் போட்டிருக்கிறார். “நம்ம ஊர்ல மறுநாளைக்குக் கெட்டுப்போகாதது புளிச்சோறு. சனிக்கிழமை சாயங்காலமே கிளறி வச்சிடலாம்” என்றேன்.

“யார் கிளறறது? மறுபடியும் பொம்பளைங்கதானே?” என்றார் மூப்பர், என்னை மடக்கிவிட்ட தெம்பில்.

நான் பின்வரிசையைக் காட்டினேன். “சாப்பிடறவங்கதான்.”

அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கம்பெனியில் ரோபோவை ஓட்டுகிற பையன்கள் புளியைக் கரைக்கத் தெரியாமல் திணறினார்கள். ஒருத்தன் வெந்தயத்தைக் கரியாக்கினான். இன்னொருத்தன் உப்புக்கு அளவு கேட்டு என் உயிரை எடுத்தான். கை அளவு என்றால் யார் கை அளவு என்று கேட்டான். மூப்பர் வேவு பார்க்க வந்தவர், சோற்றைக் கொட்டிக் கிளறும் அழகைப் பார்க்கச் சகிக்காமல் தாமே வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிவிட்டார். நல்லெண்ணெயை அவர்தான் தாராளமாக ஊற்றினார். வேர்க்கடலையைக் குறைத்ததற்குச் சண்டையும் போட்டார்.

மறுநாள் காலை அந்தப் பெண் வழக்கம்போல நேரே கொட்டகைக்குப் போனாள். அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. அண்டாக்கள் மூடியிருந்தன. திகைத்துப் போய் நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, ஹாலில் பாயில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். “இன்னிக்கி இன்னா கத அக்கா?” என்று கேட்டாள். இரவெல்லாம் விழித்திருந்த கண்கள் சிவந்திருந்தன. அந்தக் கண்களில் இருந்த ஆசையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

தமிழில் ஒரு பாட்டு, கன்னடத்தில் ஒன்று, தெலுங்கில் ஒன்று பாடினோம். பாஸ்டர் ஓய்வுநாளைப் பற்றியே பிரசங்கத்தை ஆரம்பித்தார். அவர் இன்னும் எகிப்தைத் தாண்டியிருக்க மாட்டார், என் தோளில் ஏதோ பாரமாகச் சாய்ந்தது. தூங்கிவிட்டாள். சாதாரணத் தூக்கமில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை என் மடியில் விழுந்து கிடந்தது. விரல் நுனியெல்லாம் ஒயர் கீறின தழும்பு.

எனக்கு முதலில் எரிச்சல் வந்ததை மறைக்கவில்லை. யாருக்காக இத்தனை சண்டை போட்டேன்? முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்து, எழுப்பச் சொல்லிச் சைகை காட்டினார். நானும் அவள் தோளைத் தட்டக் கையைத் தூக்கினேன். அந்த நேரம் பாஸ்டர், உன்னைப் போலவே உன் வேலைக்காரியும் இளைப்பாறட்டும் என்ற இடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். தூக்கிய கையால் அவள் சேலைத் தலைப்பைத் தோளில் சரியாக இழுத்துவிட்டேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

பாஸ்டரும் பார்த்துவிட்டார். பேச்சை நிறுத்தினார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேடையிலிருந்து இறங்கிப் போய், ஹாலில் இருந்த சவுண்டு பாக்ஸின் திருகைத் தாமே பிடித்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சத்தத்தைக் குறைத்தார். மீதிப் பிரசங்கத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலச் சொல்லி முடித்தார்.

ஆமென் என்றதும் பழக்கதோஷத்தில் இலை போட எழப் போனவள், எங்கே இருக்கிறோம் என்று புரிந்து வெட்கப்பட்டாள்.

“அய்யோ அக்கா, தூங்கிட்டனா? முச்சூடும் போச்சா?”

“ஒண்ணும் போகல. உட்காரு, சோறு வரும்.”

மூப்பர்தான் இலை போட்டுக்கொண்டு வந்தார். அவள் ஆறின புளிச்சோற்றை ஒரு வாய் வைத்துவிட்டு, “உப்பு கம்மி” என்றாள். பிறகு, “அடுத்த வாரம் முழிச்சிக்கினு கேக்கறேன்க்கா” என்றாள்.