இடுப்பளவுத் தண்ணீர்

முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவளைக் கடல் பார்க்க வா என்று கூப்பிட்டால் சிரிப்பு வராதா? எனக்கு வந்தது. மகள் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவுக்குப் போவது, கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தை வைத்துப் பவளப்பாறையும் மீனும் பார்ப்பது, நீந்தத் தெரியாதவர்களும் வரலாம், பின்னேரமே திரும்பிவிடலாம்.

“மீன் பாக்கிறதெண்டாச் சந்தைக்குப் போ பிள்ளை,” என்றேன். “அங்க அது அசையாமக் கிடக்கும். வடிவாப் பாக்கலாம்.”

அவள் கிளிநொச்சியில் வேலை பார்க்கிறாள். லீவு கிடைத்தால் புதுக்குடியிருப்புக்கு வந்து, எங்கள் இரண்டு பேரையும் எங்காவது கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பாள். அன்றைக்கு நான் மறுத்த மறுப்போடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கதிரையில் இருந்த என் மனுசன் தலையை நிமிர்த்தி, “நான் வாறன்,” என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் எதற்காக வருகிறார் என்று எனக்குத் தெரியும்.

அவர் கடலட்டை பிடிக்கிற சுழியோடியாக இருந்தவர். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அடிமட்டும் இறங்கி, மணலைத் தடவித் தடவி அட்டை பொறுக்குகிற தொழில். ஆழத்திலிருந்து மேலே வரும்போது நின்று நின்று மெதுவாகத்தான் வரவேண்டும். ஒருநாள் அட்டை கண்ட ஆசையில் கூட நேரம் கீழே நின்று, காற்று முடிய, ஒரே பாய்ச்சலில் மேலே வந்துவிட்டார். படகில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் தோள் மூட்டு நொந்தது. பிறகு இரண்டு காலும் விறைத்துப்போயின.

அந்த இடத்தில் படகைத் திருப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கவேண்டும். ஆனால் எங்கள் சுழியோடிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. கடலில் பிடித்த வருத்தத்தைக் கடலில்தான் விடவேண்டும் என்பார்கள். முள்ளை முள்ளால்தானே எடுக்கவேண்டும் என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார்கள். கூடப்போனவர்கள் இவருடைய இடுப்பில் கயிறு கட்டி, இன்னொரு சிலிண்டரை மாட்டி, திரும்பவும் கீழே இறக்கிவிட்டார்கள். அந்தச் சிலிண்டரில் பாதிக் காற்றுத்தான் இருந்ததாம். அது முடிந்து மேலே இழுத்த பிறகுதான் கரைக்கு வந்தார்கள்.

டாக்டர் என்னிடம் எதையும் ஒளிக்கவில்லை. திரும்ப இறக்கியதே பிழை, அந்த நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். வலதுகால் ஓரளவுக்குத் தேறியது. இடதுகால் தேறவில்லை. இனித் தேறாது என்றும் அவரே சொல்லிவிட்டார்.

என் மனுசன் அதை ஒருநாளும் நம்பவில்லை.

“அரைச் சிலிண்டர். அதுதான் பிழை,” என்பார். “இன்னும் கொஞ்ச நேரம் கீழ வைச்சிருந்தா நான் இண்டைக்கு நடந்து திரிஞ்சிருப்பன்.” தேத்தண்ணி குடிக்க வருகிறவர்களிடமும் இதே கதை, செபம் சொல்ல வருகிற பாதரிடமும் இதே கதை. இன்னொருதரம் கடலுக்குள் இறங்கினால் கால் திரும்ப வந்துவிடுமாம். எந்தப் படகுக்காரரும் அவரை ஏற்றவில்லை. மகளோ அதை அப்பாவின் வழக்கமான புலம்பலாக எடுத்துக்கொண்டாள்.

எனக்கு அந்தக் கதையைக் கேட்டால் பத்திக்கொண்டு வரும். ஆனால் அவர் காலையில் எழும்பி, முகச்சவரம் செய்து, சோற்றில் உப்பில்லை என்று என்னோடு சண்டை பிடித்து, ஒரு மனுசனாக இருந்ததே அந்த நம்பிக்கையால்தான். அது ஒருநாள் பொய்த்துப்போனால் இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அந்தப் பயம் எனக்கு நாலு வருசமாக இருந்தது. இப்போது மகள் அன்போடு ஒரு வாடகை வானைப் பிடித்து வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

கொக்கிளாயில் கடல்வாயைத் தாண்டப் பாலம் இல்லை. காட்டுப்பாதையால் சுற்றிப் புல்மோட்டைக்குப் போய்த்தான் கரையோடு இறங்கவேண்டும். வழி முழுக்க அவர் கலகலப்பாக இருந்தார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இந்த மனுசன் இவ்வளவு கதைக்கவில்லை. கடல் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு சிலுவை அடையாளம் போட்டார்.

நிலாவெளியிலிருந்து எங்களைத் தீவுக்குக் கூட்டிப்போன வழிகாட்டி தொந்தியும் வெயிலில் காய்ந்த முகமுமாக, எங்கள் வயதையொத்த ஒருவர். என் மனுசனின் காலைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை அண்ணன். முதல்தரம் வாறவங்களுக்கெண்டே உள்ள இடம். தண்ணிக்குள்ள பாரம் தெரியாது,” என்றார். கண்ணாடியை எப்படித் துப்பித் துடைப்பது, குழாயை எப்படிப் பல்லால் கடிப்பது, வாயால் எப்படி மூச்சு விடுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்கிய கதைதான். நான் சொல்ல வாயெடுக்க, இவர் என் கையை அமத்தினார். நல்ல பிள்ளையாக எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். சுழியோடியவர் என்று தெரிந்தால் தன்னைக் கண்வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

தீவின் கரையில் மணலைவிட உடைந்த பவளத் துண்டுகள்தான் அதிகம். ஊன்றுகோல் அதில் நிற்கவில்லை. மகளும் அந்த மனிதரும் இரண்டு பக்கமும் பிடித்து, தூக்காத குறையாக அவரைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். எனக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டாள் மகள். கடற்கரையில் பிறந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் பெண்களுக்குக் கடலில் வேலை கரையோடு சரி. ஒரு மிதவை வளையத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் முகத்தை வைத்தேன்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து இவர் போய்வந்த இடம் இருட்டு என்றே நான் நினைத்திருந்தேன். அது வெளிச்சமாக இருந்தது. மஞ்சளும் நீலமுமாக மீன்கள் என் முகத்துக்கு முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போயின. அடிமணலில் வெயில் நெளிந்துகொண்டிருந்தது. இவ்வளவு வடிவான இடத்தைப் பற்றி இந்த மனுசன் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லையே என்று கோபம் வந்தது.

அப்போதுதான் அவருடைய லைஃப் ஜாக்கெட் தனியாக மிதந்துகொண்டு போவதைக் கண்டேன்.

அவர் கீழே இருந்தார். இரண்டு ஆள் உயரம் இருக்கும். கைகளால் தண்ணீரை இழுத்து இழுத்து இறங்கி, மணலில் உட்கார்ந்து, ஒரு பாறையை இடக்கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் இடதுகாலைத் தொடையிலிருந்து பாதம்வரை உருவிக்கொண்டிருந்தார். வீட்டில் எண்ணெய் போட்டு உருவுவது போலத்தான். அவசரமில்லாமல், மிகவும் நம்பிக்கையாக. எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. வாயில் குழாய் இருந்தது. மூச்சு முடிய மேலே வந்தார், திரும்ப இறங்கினார். மூன்றாந்தரம் இறங்க வெளிக்கிட, அந்த மனிதர் வந்து கையில் பிடித்து இழுத்துக்கொண்டு கரைப்பக்கம் போனார்.

“விடுங்கோ,” என்றார் இவர். “என்னை விடுங்கோ. நான் நிக்கிறன்.”

அந்த மனிதர் கையை விட்டார்.

இவர் நின்றார். இடுப்பளவுத் தண்ணீரில், ஒருவரையும் பிடிக்காமல், இரண்டு காலிலும் நின்றார்.

“பாரும்!” என்று என்னைப் பார்த்துக் கத்தினார். “இஞ்ச பாரும்! நான் சொன்னனான்தானே!”

ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. இடதுகால் முன்னுக்கு வந்தது. மகள் அழுதுகொண்டே போனில் படம் எடுத்தாள். நானும் ஒரு நொடி நம்பினேன், பொய் சொல்லக்கூடாது. டாக்டருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். மாதாவுக்கு நேர்த்திக்கடன்கூட வைத்துவிட்டேன்.

அவர் கரையை நோக்கி நடந்தார். தண்ணீர் தொடைக்கு இறங்கியது. வேகம் குறைந்தது. முழங்காலுக்கு இறங்கியபோது இடதுகால் மடிந்து, அந்தப் பவளத் துண்டுகளின் மேல் முகம் குப்புற விழுந்தார்.

மகள் ஓடிப்போனாள். அவர் அவளுடைய கையைத் தட்டிவிட்டார். எழும்பப் பார்த்தார், விழுந்தார். திரும்பவும் எழும்பப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளை ஊன்றி ஊன்றி, வந்த வழியே கடலுக்குள் தவழ்ந்து போனார். இடுப்பளவு ஆழம் வந்ததும் எழும்பி நின்றார்.

அப்படியே நின்றார். மற்றக் குழுக்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. மகள் கூப்பிட்டாள், திரும்பவில்லை. சோற்றுப் பார்சலை விரித்து வைத்துக் கூப்பிட்டாள், திரும்பவில்லை. “அப்பாக்கு என்னம்மா?” என்று என்னிடம் கேட்டாள். நான் சோற்றுப் பார்சலைத் திரும்பச் சுற்றி வைத்தேன். படகுக்காரர் வெளிக்கிடவேண்டும் என்று இரண்டாந்தரமும் வந்து சொல்ல, நான் மாற்றி உடுத்திருந்த சட்டையோடு திரும்பவும் இறங்கிப் போனேன்.

பக்கத்தில் போனபோது பார்த்தேன். உதட்டுக்குக் கீழே நாடி கல்லில் வெட்டுப்பட்டு இரத்தம் வந்திருந்தது. கண்கள் சிவந்திருந்தன. அவர் என்னைவிட ஒரு தலை உயரம். ஊன்றுகோலில் குனிந்தபடியே அவரைப் பார்த்துப் பார்த்து, அதை நான் மறந்தே போயிருந்தேன். முகத்தைப் பார்க்க நான் அண்ணாந்து பார்க்கவேண்டியிருந்தது.

“வாங்கோ,” என்றேன்.

“கொஞ்சம் நில்லும்,” என்றார்.

நின்றேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் என் பக்கம் பார்க்காமல், “கால் இனி வராதென்ன?” என்று கேட்டார்.

எரிச்சலில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அது வாயில் வரவே மாட்டேன் என்றது. ஆனாலும் அவர் கேட்டது என்னிடம்.

“ஓம்,” என்றேன். “வராது.”

அவர் தலையாட்டினார். பிறகு தானாகவே கையை எடுத்து என் தோளில் போட்டார். கரையை நோக்கி நடந்தோம். முதலில் கை மட்டும்தான் கனத்தது. தண்ணீர் இறங்க இறங்க, ஒவ்வோர் அடிக்கும் அவருடைய பாரம் என்மேல் ஏறிக்கொண்டே வந்தது. முழங்காலளவுக்கு வந்தபோது முழுப் பாரமும் என்னில்தான் இருந்தது.