நான் வாசித்தேன், சபை பாடிவிட்டது

தொண்ணூறுகளின் நடுவில், நான் கல்லூரியில் படித்த காலத்தில், தமிழும் மலையாளமும் கலந்த எல்லை ஊரான பாறசாலைப் பக்கம் பியானோ படிப்பவன் என்று சொல்லிக்கொள்ள நான் ஒருவன்தான் இருந்தேன். படிப்பது என்பதுகூடக் கொஞ்சம் தாராளமான வார்த்தை. சனிக்கிழமைதோறும் ரயிலேறித் திருவனந்தபுரம் போய், ஒரு டீச்சரம்மாவிடம் திட்டு வாங்கிவிட்டு வருவேன். வீட்டில் பியானோ கிடையாது. மற்ற நாட்களில் சாப்பாட்டு மேஜையில் விரல்களை ஓட்டிப் பழகினேன். மேஜையில் தப்பான சுரம் கேட்காது. என் தன்னம்பிக்கைக்கு அதுதான் அஸ்திவாரம்.

சுற்றுவட்டாரத்தின் ஒரே பியானோ எங்கள் சபையின் தேவாலயத்தில் இருந்தது. பச்சை வெல்வெட் துணி போர்த்தி, மேலே பூச்சாடி வைத்து, பூட்டி. அதை வாசித்துவந்த பெரியவர் மகனோடு இருக்க பம்பாய் போய்விட்டார். அந்த இடம் எனக்குக் கிடைத்தால் சாவி என் கையில். வாரம் முழுக்க நிஜப் பியானோ. சாவியை வைத்திருந்த சபைச் செயலர் ரப்பர் வியாபாரி. அவரிடம் போய்க் கேட்டேன்.

"அறுப்பின் பண்டிகைக்கு ஒரு பாட்டு வாசி மக்கா. கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார்.

டீச்சரம்மா எழுதிக் கொடுத்ததை வாசிப்பதென்று முடிவு செய்தேன். பாட்டின் பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் மாறாமல் பாடுகிற பாட்டு. அதை அவர் மேலான சங்கீதமாக்கியிருந்தார். முதலில் மெட்டு தனியாக வரும். பிறகு இடது கைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். வலது கை மேலேயிருந்து அருவியாய்க் கொட்டும். அப்புறம் சுருதி ஒரு படி ஏறும். கடைசியில் காற்றில் கரைய வேண்டும். மேஜையில் பலமுறை கரைத்திருந்தேன்.

எங்கள் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. பியானோவில் பாட்டின் முதல் வரி கேட்டால் எழுந்து நிற்பார்கள். வரி முடிந்ததும் பாடுவார்கள். பியானோவை வைத்திருப்பதே அதற்குத்தான். உட்கார்ந்து கேட்பதற்கும் பாட்டு உண்டு என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. இது எனக்குத் தெரியாததா? சிறுவயதிலிருந்து அவர்களோடு எழுந்து நின்றவன்தான். இருந்தும், என் வாசிப்பில் மயங்கி அப்படியே உட்கார்ந்திருப்பார்கள் என்று நம்பினேன்.

முதல் வரி முடிந்தது. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. இடப்பக்கம் தமிழிலும் வலப்பக்கம் மலையாளத்திலும், ஒரே மெட்டை ஆளுக்கொரு வேகத்தில் பிடித்துக்கொண்டார்கள். நான் மெட்டை இடது கையில் ஒளித்தேன். யாரும் தேடவில்லை. அருவியைக் கொட்டினேன். "பாவம், கை நடுங்குது" என்று முன்வரிசை அம்மாள் பக்கத்து அம்மாளிடம் சொன்னது எனக்கே கேட்டது. சுருதியை ஏற்றினேன். சபை ஏறவில்லை. ஒரு படி கீழேயே நின்று, முன்னிலும் உரக்கப் பாடியது.

செயலர் வந்து என் காதருகே குனிந்தார்.

"எலே, எங்கலே போற? ஜனம் மூணாம் சரணத்துல நிக்குது."

"இது அரேஞ்ச்மென்ட் மாமா."

"அத வீட்டுல வச்சுக்கோ. இப்பம் எறங்கி வா."

"வாறேன்" என்றேன்.

இறங்கினேன். மாதக்கணக்கில் படித்த வித்தையை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைபோல் மிச்சச் சரணங்களை டொக் டொக்கென்று தட்டினேன். கரைவதற்கு இடமே கிடைக்கவில்லை. ஆமென் மட்டும் இரு பக்கமும் ஒன்றாக விழுந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். அறுவடைக் காணிக்கையாக வந்த வாழைக்குலைகளை ஏலத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்த செயலர், சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"தொடக்கத்துல பாட்டு தெரியாம நல்லா தப்பின. நான் கவனிச்சேன் ஆக்கும். ஆனா முடியறதுக்குள்ள படிச்சுட்ட பாத்தியா, அதுதான் வேணும்."

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். ரசனை, இசையின் உயர்வு, ஊரின் காது என்று ஒரு முழுச் சொற்பொழிவு உள்ளே தயாராக இருந்தது. அவர் விரலில் சாவி ஆடிக்கொண்டிருந்தது.

"பயந்துட்டேன் மாமா" என்றேன்.

"பழகிரும் மக்கா" என்று சாவியை என் கையில் வைத்தார்.